பட்டர்வொர்த்திலிருந்து தனியே பறந்த வீரர்



பாடம் நடந்துகொண்டிருக்கும்போது திடீரென்று வானம் கிழிவது போல ஒரு சத்தம் கேட்கும். ஆசிரியர் பேச்சை நிறுத்திக்கொள்வார். பிள்ளைகள் எல்லாரும் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்புவார்கள். சத்தம் தேய்ந்த பிறகு பாடம் மறுபடி தொடரும். அது பட்டர்வொர்த் விமானத் தளத்திலிருந்து கிளம்பும் போர் விமானம். தீவில் இருக்கும் நமக்கும், கடலுக்கு அந்தப் பக்கம் பிறையிலும் மாக் மண்டினிலும் இருப்பவர்களுக்கும் பழகிப்போன சத்தம்தான். பழகிப்போனதால் அந்தத் தளத்துக்கு ஒரு கதை உண்டு என்பதையே நாம் நினைப்பதில்லை.

1941ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி மாலை அந்தத் தளத்திலிருந்து ஒரே ஒரு விமானம் போருக்குப் போனது. பலவாகப் போயிருக்க வேண்டியது, ஒன்றாகப் போனது. அதை ஓட்டியவர் பெயர் ஆர்தர் ஸ்டூவர்ட் கிங் ஸ்கார்ஃப். அன்று அவருக்கு வயது 28. அவருடைய வாழ்க்கையைத்தான் இந்த ஆண்டு மலரில் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். வெள்ளைக்காரர் ஒருவரின் கதையை நம் மலரில் ஏன் போட வேண்டும் என்று சில பெரியவர்கள் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். படித்துக்கொண்டே வாருங்கள், அதற்கும் வருகிறேன்.

ஸ்கார்ஃப் 1913ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் தேதி இங்கிலாந்தில், லண்டனை ஒட்டிய விம்பிள்டன் என்ற இடத்தில் பிறந்தார். டென்னிஸ் பந்தயத்துக்குப் பேர்போன அதே விம்பிள்டன்தான். அங்கே கிங்ஸ் காலேஜ் ஸ்கூல் என்ற பள்ளியில் படித்தார். படிப்பில் அவர் முதல் வரிசைப் பையன் இல்லை. கடற்படையில் சேர வேண்டும் என்பது ஆசை. அதற்கு வேண்டிய கல்வித் தகுதி இல்லாததால் அந்த ஆசை நிறைவேறவில்லை. இன்ஷூரன்ஸ் ஆபீஸ் ஒன்றில் வேலைக்கு உட்கார்ந்தார். மேசை வேலை அவருக்குக் கசந்தது. இன்று மேடையேறிப் பரிசு வாங்காத பிள்ளைகள் இந்த இடத்தை இன்னொரு தரம் படிக்கலாம், தப்பில்லை.

1936இல் அவர் விமானப் படையில் சேர்ந்தார். கடல் கைவிட்டவருக்கு வானம் கைகொடுத்தது. மறு ஆண்டு 62ஆவது விமான அணி மறுபடி உருவாக்கப்பட்டபோது அதில் இடம் கிடைத்தது. நண்பர்கள் அவரைப் பாங்கோ என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவார்களாம். நம்ம பள்ளியிலும் பட்டப்பெயர் இல்லாத பையன் உண்டா, சொல்லுங்க!

அந்த அணிக்குக் கொடுக்கப்பட்டது பிளென்ஹைம் என்ற விமானம். இரண்டு இயந்திரம், மூன்று பேர். முன்னால் விமானி. அவர் பக்கத்தில் வழி பார்த்துச் சொல்லி, குண்டையும் குறி வைத்துப் போடுபவர். நடு முதுகில் கண்ணாடிக் கூண்டுக்குள் துப்பாக்கிக்காரர். 1930களின் நடுவில் அது வேகமான விமானம் என்று பெயர் வாங்கியது. ஆனால் விமானங்களுக்கு வயது சீக்கிரம் ஏறிவிடும். 1941இல் அது பழசு. எதிரியின் சண்டை விமானங்களிடம் அகப்பட்டால் தப்புவது கஷ்டம். 1939இல் ஐரோப்பாவில் போர் மூளும் சமயத்தில் 62ஆவது அணி சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டது. 1941இல் கெடாவில், நெல் வயல்களுக்கு நடுவே இருந்த அலோர்ஸ்டார் விமானத் தளத்துக்கு மாறியது.

ஸ்கார்ஃபின் மனைவி எலிசபெத். சாலி என்பது வீட்டுப் பெயர். அவர் ஒரு தாதி, நம்ம தோட்டத்து வழக்கில் சொன்னால் மிஸ்ஸி. அலோர்ஸ்டார் மருத்துவமனையில் வேலை பார்த்தார். அந்த டிசம்பரில் அவர் கர்ப்பமாக இருந்தார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த நான்கு நாள்களுக்கு வருவோம். அதற்கு முன், கடலைக் காவல் காத்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். போர் என்றால் குண்டு போடுவது மட்டும் என்று நினைக்கிறோம். அதற்கு முந்தின வேலை, எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்த்து வந்து சொல்வது. ரோந்து விமானம், வேவு விமானம் என்பார்கள். அவற்றில் போகிறவர்கள் மணிக்கணக்காகத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு பறக்க வேண்டும். எதையும் காணாவிட்டால் திரும்பி வருவார்கள். கண்டுவிட்டால் பல சமயம் திரும்புவதில்லை.

டிசம்பர் 6ஆம் தேதி கோத்தபாருவிலிருந்து போன ஆஸ்திரேலிய விமானப் படையின் ஹட்சன் விமானம் ஒன்று, தென் சீனக் கடலில் ஜப்பானியக் கப்பல்கள் கூட்டமாக வருவதைப் பார்த்துத் தகவல் கொடுத்தது. அதன் விமானி ஜான் ராம்ஷா. அந்தக் கப்பல்கள் எந்தத் துறைக்குப் போகின்றன என்று தெரிந்தாக வேண்டும். சிங்கப்பூர் செலித்தாரிலிருந்து கட்டலினா விமானங்களை அனுப்பினார்கள். கட்டலினா என்பது தண்ணீரிலேயே இறங்கி ஏறும் பறக்கும் படகு. மெதுவாகப் போகும், ஆனால் நாள் முழுக்கப் பறக்கும். டிசம்பர் 7ஆம் தேதி காலை பேட்ரிக் பெடல் என்ற இளம் அதிகாரி ஓட்டிப்போன கட்டலினா சயாம் வளைகுடாவின் வாயில், இந்தோசீனக் கரைக்கு அப்பால், ஜப்பானிய விமானங்களால் சுட்டு வீழ்த்தப்பட்டது. உள்ளே எட்டுப் பேர். ஒருவரும் மிஞ்சவில்லை. சிங்கப்பூரில் காத்திருந்தவர்களுக்கு அந்த விமானத்திலிருந்து ஒரு சொல்லும் வந்து சேரவில்லை.

கணக்குப் பாருங்கள். பேர்ல் ஹார்பரில் குண்டு விழ அப்போது இன்னும் பல மணி நேரம் இருந்தது. யாரும் யாரோடும் போர் என்று அறிவிக்கவில்லை. அந்த எட்டுப் பேர்தான் ஜப்பானோடு நடந்த அந்தப் பெரும் போரில் முதலில் இறந்த நேசநாட்டு வீரர்கள். அவர்களுக்குக் கல்லறை கிடையாது, கடல்தான். பெயர்கள் மட்டும் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவிடத்தின் சுவரில் இருக்கின்றன. கப்பல்களைக் கண்டு சொன்ன ராம்ஷாவும் பிழைக்கவில்லை. டிசம்பர் 8ஆம் தேதி, கோத்தபாரு கரையில் இறங்கிக்கொண்டிருந்த அதே எதிரியைத் தாக்கப் போய் உயிரிழந்தார்.

8ஆம் தேதி நள்ளிரவு தாண்டியதும் கோத்தபாருவில் ஜப்பானியர் இறங்கினார்கள். சயாமில் சிங்கோராவிலும் பட்டாணியிலும் இறங்கினார்கள். சிங்கோரா என்று அன்று சொன்னதுதான் இப்போதைய சொங்க்லா. பினாங்கிலிருந்து பஸ் ஏறி ஹாட்யாய் போய் வருகிறவர்களுக்குத் தெரியும், அது அங்கிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம். பட்டர்வொர்த்திலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 200 கிலோமீட்டர்தான்.

மலாயாவைக் காக்க 336 விமானங்கள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். போர் தொடங்கிய அன்று கையில் இருந்தது 158. அதிலும் வட மலாயாவில் 110. டிசம்பர் 8ஆம் தேதி பொழுது சாய்வதற்குள் அந்த 110இல் பறக்கும் நிலையில் இருந்தவை 50 மட்டும். எப்படி இவ்வளவு சீக்கிரம்? விமானங்கள் ஒரு தரம் போய்விட்டுப் பெட்ரோல் ஊற்றிக்கொள்ளத் தரையில் இறங்கும் நேரத்தைப் பார்த்துத்தான் ஜப்பானியர் வந்தார்கள். அலோர்ஸ்டாரில் அன்று அதுதான் நடந்தது. 62ஆவது அணி காலையில் பட்டாணிக் கரையைத் தாக்கிவிட்டுத் திரும்பி வந்து எண்ணெய் நிரப்பிக்கொண்டிருந்தபோது 27 குண்டு விமானங்கள் தலைக்கு மேல் வந்தன. அணியின் பெரும்பகுதி தரையிலேயே நாசமானது. எஞ்சியவை பட்டர்வொர்த்துக்கு வந்து சேர்ந்தன. பட்டர்வொர்த் தளம் முறையாகத் திறக்கப்பட்டு அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

அதே நாள், ஆஸ்திரேலியாவிலிருந்து புதிதாக வந்திருந்த பியூஃபோர்ட் விமானம் ஒன்று சிங்கோராவுக்கு மேல் பறந்து படம் எடுத்தது. ஜப்பானியச் சண்டை விமானங்கள் அதை வளைத்துச் சுட்டன. சல்லடையாகத் துளைபட்ட அந்த விமானம் எப்படியோ கோத்தபாருவில் வந்து இறங்கியது, அதோடு அதன் ஆயுள் முடிந்தது. படச்சுருளை மட்டும் எடுத்து, வேறொரு சிறு விமானத்தில் பட்டர்வொர்த்துக்குக் கொண்டுவந்தார்கள். இங்கேதான் அதைக் கழுவிப் பார்த்தார்கள். சிங்கோரா விமானத் திடலில் சுமார் 60 ஜப்பானிய விமானங்கள் நிற்பது படத்தில் தெரிந்தது. பெரும்பாலும் சண்டை விமானங்கள். அந்த ஒரு படத்துக்கு ஒரு விமானம் விலை. ஆனால் அந்தப் படம் இல்லாவிட்டால் மறுநாள் எங்கே அடிப்பது என்று எவருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருக்காது.

9ஆம் தேதி மதியம் சிங்கப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த 34ஆவது அணியின் ஆறு பிளென்ஹைம்கள் சிங்கோராவைத் தாக்கின. துணைக்குச் சண்டை விமானம் கிடையாது. ஆறில் மூன்று திரும்பவில்லை. மிஞ்சியவை பட்டர்வொர்த்தில் இறங்கின. மாலையில் மறுபடி ஒரு தாக்குதல் நடத்த வேண்டும், பறக்கக்கூடிய எல்லா விமானங்களும் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. முன்னால் போய் வழிநடத்த வேண்டியவர் ஸ்குவாட்ரன் லீடர் ஸ்கார்ஃப்.

மாலை ஐந்து மணி இருக்கும். ஸ்கார்ஃப் முதலில் மேலே ஏறினார். மற்றவர்கள் ஏறி வந்து அணி சேரட்டும் என்று வட்டமிட ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து ஜப்பானியக் குண்டு விமானங்கள் பட்டர்வொர்த்துக்கு மேல் வந்துவிட்டன. ஓடுபாதையில் வரிசையாக நின்ற விமானங்கள் மேல் குண்டு விழுந்தது. நின்றவை ஒன்றுகூடக் கிளம்ப முடியாதபடி எரிந்தும் உடைந்தும் போயின. மேலேயிருந்து ஸ்கார்ஃப் இதைப் பார்த்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். அவர் திரும்பியிருக்கலாம். ஒருவரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். கூட்டமாகப் போகச் சொன்ன உத்தரவு, கூட்டம் இல்லையென்று ஆனபின் செல்லாது என்று சொன்னால் அதில் பிழையில்லை. வேறு திடலில் இறங்கி விமானத்தைக் காப்பாற்றியிருக்கலாம், அன்றைக்கு ஒவ்வொரு விமானமும் பொன்னாக இருந்தது. மதியம் போன ஆறுக்கு என்ன ஆயிற்று என்பதும் அவருக்குத் தெரியும். ஒற்றை விமானத்தின் குண்டுகள் போரைத் திருப்பிவிடாது என்பதும் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் போனார். எனக்கு இந்த முடிவைப் பற்றி இரண்டு மனசு உண்டு. வீரம் என்று ஒரு மனசு சொல்கிறது. கூட இருந்த இரண்டு பேர் உயிருக்கும் அவர்தானே பொறுப்பு என்று இன்னொரு மனசு கேட்கிறது. மாணவர்களே, நீங்கள் உங்கள் வகுப்பில் இதை வைத்து ஒரு பட்டிமன்றம் நடத்தலாம்.

கூட இருந்த இருவர், வழிகாட்டி கால்டர், துப்பாக்கிக்காரர் ரிச். விமானத்தின் எண் எல் 1134. எல்லையைத் தாண்டி, மரங்களை ஒட்டினாற்போலத் தாழ்வாகப் பறந்து, பட்டப்பகலில் தனி விமானமாகச் சிங்கோராவை அடைந்தார்கள். குண்டுகளைக் குறி தப்பாமல் போட்டார்கள். ரிச் தன் துப்பாக்கியால் திடலில் நின்ற விமானங்களைச் சுட்டார். வேலை முடிந்தது. திரும்பும் வழியில்தான் எதிரி விமானங்கள் கூட்டமாக வந்து பிடித்துக்கொண்டன. ஸ்கார்ஃப் விமானத்தை இன்னும் தாழ்த்தி, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வளைந்து நெளிந்து ஓட்டினார். எல்லை வரை துரத்தினார்கள்.

குண்டுகள் அவர் இடக் கையை நொறுக்கின. முதுகிலும் பெரிய காயம். இரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. நினைவு தப்பித் தப்பி வந்தது. ரிச் தன் இடத்தை விட்டுப் பின்னாலிருந்து வந்து, இரண்டு கையாலும் அவர் உடம்பைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு நிமிர்த்திப் பிடித்தார். கால்டர் பக்கத்திலிருந்து ஓட்டும் கருவிக்குக் கைகொடுத்தார். எனினும் கடைசி வரை விமானத்தை நடத்தியவர் ஸ்கார்ஃப்தான். பட்டர்வொர்த் எட்டாது என்று ஆகிவிட்டது. வழியில் இருந்தது அலோர்ஸ்டார். அவர் குடியிருந்த ஊர். மனைவி வேலை பார்க்கும் மருத்துவமனை இருந்த ஊர்.

சக்கரத்தை இறக்காமல் வயிற்றால் உழுது இறக்கினார். விமானம் நெல் வயலில் சறுக்கி, மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே போய் நின்றது. கால்டருக்கும் ரிச்சுக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவர்கள் ஸ்கார்ஃபை வெளியே இழுத்து வைத்து, உதவி வரும்வரை காத்திருந்தார்கள். நான் மேலே கேட்டேனே, அந்த இரண்டாவது மனசின் கேள்வி, அதற்கு ஸ்கார்ஃப் கொடுத்த பதில் இந்த இறக்கம்தான் என்று வைத்துக்கொள்ளலாம். சாகும் தறுவாயில் இருந்த ஒருவர், தன்னை நம்பி வந்த இரண்டு பேரை முழுசாகத் தரையில் கொண்டுவந்து விட்டார்.

மருத்துவமனையில் இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. சாலியின் இரத்தம் பொருந்தியது. வயிற்றில் பிள்ளையோடு இருந்த அந்தப் பெண் தன் இரத்தத்தைக் கொடுத்தார். நம் பெண்கள் இதைப் படிக்கும்போது எனக்கு எதுவும் விளக்க வேண்டியதில்லை. இரண்டு மணி நேரம் போல உயிர் இருந்தது. பிறகு அடங்கிவிட்டது.

அழக்கூட நேரம் கிடைத்திருக்காது. ஜப்பானியப் படை ஜித்ராவை நோக்கி வந்துகொண்டிருந்தது. சில நாளில் அலோர்ஸ்டார் கைமாறியது. அணியின் காகிதங்கள், அறிக்கைகள் எல்லாம் பின்வாங்கும் குழப்பத்தில் தொலைந்தன. நேரில் பார்த்தவர்கள் சிதறிப்போனார்கள். பலர் சிறைமுகாம்களுக்குப் போனார்கள். ஸ்கார்ஃப் செய்தது என்ன என்று எழுதிவைக்கக்கூட அப்போது ஆள் இல்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன். டிசம்பர் 11ஆம் தேதி காலை ஜார்ஜ் டவுனுக்கு மேல் விமானங்கள் வந்தன. வானத்தில் வெள்ளிக் கொக்குக் கூட்டம் போல அழகாக வந்தனவாம். அவை எதிரி விமானம் என்று அறியாத ஜனங்கள் பதுங்கவில்லை. தெருவிலும் கடலோரத்திலும் கூடி நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவில்தான் குண்டு விழுந்தது. நகரத்தைக் காக்க விமான எதிர்ப்புப் பீரங்கி ஒன்றும் இல்லை. எதிர்க்கப் பட்டர்வொர்த்திலிருந்து எழும்ப விமானமும் கிட்டத்தட்ட இல்லை. ஏன் இல்லை என்பது உங்களுக்கு இப்போது தெரியும். கணக்கில் அடங்காத பேர் மாண்டார்கள். அடுத்தடுத்த நாளும் வந்து அடித்தார்கள். கடைகள் எரிந்தன. பிணங்களை எடுக்க ஆள் இல்லாமல் போயிற்று.

13ஆம் தேதி இரவு, பினாங்கிலிருந்த ஐரோப்பியப் பெண்களையும் பிள்ளைகளையும் ஓசைப்படாமல் கப்பலேற்றித் தெற்கே அனுப்பினார்கள். அதற்கடுத்த இரண்டு மூன்று நாளில் ஆண்களும் போனார்கள். தமிழர், சீனர், மலாய்க்காரர் எவருக்கும் சொல்லவில்லை. விடிந்து பார்த்தால் துரை இல்லை, டாக்டர் இல்லை, போலீஸ் அதிகாரி இல்லை. வானொலி நிலையத்தையும் துறைமுகத்துப் படகுகளையும் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். ஜப்பானியர் அவற்றைப் பிறகு நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

அன்று ஊரைத் தாங்கிப் பிடிக்க ஒரு குழு சேர்ந்தது. அதன் முன்னணியில் இருந்தவர் ஒரு தமிழர், ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகையின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. இலங்கையிலிருந்து வந்தவர். கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு ஜப்பானியர் மறுபடி குண்டு போடுவார்களே என்று அவர் போய் அந்தக் கொடியை இறக்கினார். வெள்ளைக்காரர் போய்விட்டார்கள், இது திறந்த நகரம் என்று வானொலி வழியாகச் சொல்ல வைத்தார். குண்டு நின்றது. டிசம்பர் 19ஆம் தேதி ஜப்பானியர் தீவுக்குள் வந்தார்கள். அதற்குப் பிறகு வந்த மூன்றரை ஆண்டு, மரவள்ளிக் கிழங்கும் சயாம் மரண ரயிலும், உங்கள் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவதுதான். தோட்டத்து லயங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அந்த ரயில் பாதைக்குப் போனார்கள். பெரும்பகுதியினர் பெயர்கூட எந்தச் சுவரிலும் இல்லை.

முதலில் ஒரு கேள்வியை ஒத்திவைத்தேன் அல்லவா, இதுதான் அதற்குப் பதில். ஒரே வாரத்தில் ஒரே கரையில் இரண்டும் நடந்தன. ஓர் அரசாங்கம் தன்னை நம்பியிருந்த ஜனங்களை விட்டுவிட்டு ராத்திரியில் போனது. அதே அரசாங்கத்தின் சம்பளம் வாங்கிய ஒருவர், போகாமல் இருக்கக் காரணம் இருந்தும் போனார், தன்னை நம்பியிருந்த இருவரைக் கைவிடாமல் திரும்பினார். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது நேர்மையில்லை. வெள்ளைக்காரன் கெட்டவன் என்றோ நல்லவன் என்றோ ஒரே வரியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் சரித்திரம் அங்கேயே செத்துப்போகும்.

போர் முடிந்து, முகாம்களிலிருந்து ஆட்கள் திரும்பிய பிறகுதான் ஸ்கார்ஃபின் கதை வெளியே வந்தது. 1946ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் தேதி விக்டோரியா சிலுவை என்ற விருது அறிவிக்கப்பட்டது. போர்க்களத்து வீரத்துக்கு பிரிட்டன் கொடுக்கும் ஆகப் பெரிய விருது அது. தங்கமில்லை, வெள்ளியில்லை, வெண்கலத்தில் செய்த சின்னச் சிலுவை. மலாயாப் போரில் அதைப் பெற்ற விமானப் படை வீரர் இவர் ஒருவரே. இறந்து நாலரை ஆண்டு கழித்து, ஜூலை 30ஆம் தேதி லண்டன் அரண்மனையில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் அதைச் சாலியின் கையில் கொடுத்தார்.

அந்தப் பதக்கத்துக்கும் ஒரு பிற்காலக் கதை உண்டு. 2022இல் அது ஏலத்துக்கு வந்து விலைபோனது. நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்று பிரிட்டிஷ் அரசாங்கம் ஏற்றுமதியை நிறுத்திவைத்தது. லண்டனில் உள்ள விமானப் படை அருங்காட்சியகம் ஊர் ஊராக நன்கொடை திரட்டி, 2023இல் 6,60,000 பவுன் கொடுத்து அதை வாங்கிக்கொண்டது. அத்தனை காசு! சாலி கொடுத்த இரத்தத்துக்கு யார் விலை போடுவார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்காமல் விடுகிறேன்.

பட்டர்வொர்த் தளத்தைப் போருக்குப் பின் ஆஸ்திரேலியர் நெடுநாள் வைத்திருந்தார்கள். 1988இல் அது மலேசிய விமானப் படையின் பொறுப்புக்கு வந்தது. அங்கே இன்று வேலை செய்பவர்களில் நம் பிள்ளைகளும் இருப்பார்கள்.

ஸ்கார்ஃபின் உடல் தைப்பிங் போர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. பள்ளி விடுமுறையில் தைப்பிங் ஏரிப் பூங்காவுக்கும் மிருகக்காட்சி சாலைக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள், அப்படியே மலையடிவாரச் சாலையில் கொஞ்ச தூரம் போனால் போதும். சாலை அந்தத் தோட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பக்கம் கிறிஸ்தவ வீரர்கள், அவர்களில்தான் ஸ்கார்ஃப். மறு பக்கம் இந்தியாவிலிருந்து வந்து இந்த மண்ணில் விழுந்த இந்து, முஸ்லிம், கூர்க்கா வீரர்கள். மொத்தம் 850க்கு மேற்பட்ட கல்லறைகள், பாதிக்கு மேல் யாருடையது என்றே தெரியாதவை. புல் சீராக வெட்டியிருக்கும், பின்னால் மலை பச்சையாக நிற்கும். பிள்ளைகளைச் சாலையின் இரண்டு பக்கமும் கூட்டிப்போங்க. வண்டி வரும், பார்த்துக் கடக்கச் சொல்லுங்க.